சாவி யாரிடம் இருக்கிறது: எல்லை தாண்டும் தரவைக் காப்பது எப்படி?

2021 ஏப்ரல் 27 அன்று போர்ச்சுகலின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அந்நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக மக்கள் இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்த விவரங்கள் அமெரிக்காவுக்குப் போவதை 12 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றது அந்த உத்தரவு. கணக்கெடுப்புப் படிவத்தில் மதம், உடல்நலம் பற்றிய கேள்விகளும் இருந்தன. இணையதளத்தைத் தாக்குதல்களிலிருந்து காப்பாற்ற அமெரிக்க நிறுவனமான கிளவுட்ஃபிளேரை அமர்த்தியிருந்தார்கள். அதனுடன் செய்த ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த நிலையான ஒப்பந்தப் பிரிவுகள் இருந்தன. சட்டம் கேட்ட காகிதம் இருந்தும் ஆணையம் நிறுத்தச் சொன்னது. அதற்கு ஆறு வாரங்கள் முன்பு, மார்ச் 12 அன்று, பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தா இதை ஒத்த ஒரு வழக்கில் நேர் எதிரான முடிவுக்கு வந்திருந்தது. கொரோனா தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் டாக்டோலிப் தளம், அமேசானின் லக்சம்பர்க் கிளை நிறுவனத்தின் சர்வர்களில் இயங்கியது. தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருப்பதால் அந்நாட்டு அரசு இந்த விவரங்களைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று மருத்துவத் துறையைச் சேர்ந்த சங்கங்களும் பிற அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் தளத்தை நிறுத்த மறுத்துவிட்டது. தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி பிரான்சிலேயே, அமேசானுக்குத் தொடர்பில்லாத நம்பகமான மூன்றாம் தரப்பிடம் இருந்தது. தடுப்பூசிக்குத் தகுதி பெறக் காரணமான நோய் எது என்ற விவரத்தைத் தளம் கேட்கவே இல்லை. முன்பதிவுத் தேதியிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதத்தில் விவரங்கள் அழிக்கப்பட்டன. ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாத வகையில் வெளிநாட்டு அரசு கேட்டால் எதிர்த்து வாதாட வேண்டும் என்ற பிரிவும் ஒப்பந்தத்தில் இருந்தது.

இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் இருந்தது, அமெரிக்கத் தொடர்பும் இருந்தது. ஆனால் கிளவுட்ஃபிளேர் தருவது போன்ற தடுப்புச் சேவை, மக்கள் அனுப்பும் விவரத்தைத் தன் சர்வரில் திறந்து பார்த்த பிறகே அடுத்த இடத்துக்கு அனுப்பும். அதாவது படிக்கும் திறன் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கும். டாக்டோலிப்பில் அந்தத் திறன் மிகவும் குறுக்கப்பட்டிருந்தது. எல்லை தாண்டும் தரவை ஒரு நிறுவனம் எதனால் காக்கிறது என்ற கேள்விக்கு இந்த அத்தியாயம் தரும் பதில் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. தரவை யார் படிக்க முடியும் என்பதைக் குறுக்குவது முதல் வேலை, ஒப்பந்தம் இரண்டாவது. நடைமுறையில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வேலை சட்டப் பிரிவில் தொடங்கி, கையெழுத்தோடு அங்கேயே முடிந்துபோகிறது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒருவர், தரவுக்கு உரிய நோயாளியோ ஊழியரோ வாடிக்கையாளரோ, தன் விவரம் எந்த ஊரில் யார் திரையில் திறந்திருக்கிறது என்று அறிய வழியில்லாமல் இருக்கிறார். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடுகள் எல்லாம் என்பதை மறந்துவிட்டால், பாதுகாப்பு என்பது கோப்பு நிரப்பும் வேலையாகிவிடும்.

சட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1995-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய தரவுப் பாதுகாப்பு ஆணை, தகுந்த பாதுகாப்பு இல்லாத நாட்டுக்குத் தனிநபர் தரவை அனுப்பக் கூடாது என்றது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை அதே விதியை விரிவாக்கியது. அனுப்புவதற்கு அது முக்கியமாக மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஜப்பான், பிரிட்டன், தென்கொரியா போன்ற நாடுகளுக்கு ஐரோப்பிய ஆணையமே 'பாதுகாப்பு போதுமானது' என்று சான்று தந்திருக்கிறது. அங்கே அனுப்பத் தனி அனுமதி வேண்டாம். மற்ற நாடுகளுக்கு அனுப்ப நிலையான ஒப்பந்தப் பிரிவுகள் உண்டு. ஒரே குழுமத்தின் கிளைகளுக்குள் அனுப்ப, கண்காணிப்பு அமைப்பு அங்கீகரித்த குழும விதிகளை வைத்துக்கொள்ளலாம். இவை தவிர அரிதான தருணங்களுக்கான விலக்குகளும் உண்டு. அவற்றை அன்றாட வழியாக்கிக்கொள்வது ஆபத்து. அமெரிக்காவுக்கென்று தனியே ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 2000-இல் வந்த 'சேஃப் ஹார்பர்' ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2015 அக்டோபர் 6 அன்று ரத்து செய்தது. அதற்குப் பதிலாக 2016-இல் வந்த 'பிரைவசி ஷீல்டு' 2020 ஜூலை 16 அன்று அதே கதியை அடைந்தது. இரண்டு வழக்கும் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியர் அயர்லாந்தில் கொடுத்த புகாரிலிருந்து பிறந்தவை. எட்வர்ட் ஸ்னோடன் 2013-இல் வெளியிட்ட அமெரிக்க உளவு ஆவணங்கள் அந்தப் புகாருக்கு அடிப்படையாக இருந்தன. இரண்டாம் தீர்ப்பின் மிக முக்கியமான பகுதி ரத்துக்கு அப்பால் இருக்கிறது. நிலையான ஒப்பந்தப் பிரிவுகள் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால், பெறும் நாட்டின் சட்டம் அந்தப் பிரிவுகளை வெற்றுச் சொல்லாக்கிவிடுகிறதா என்று அனுப்புகிற நிறுவனமே ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும், ஆக்குகிறது என்றால் கூடுதல் பாதுகாப்பு செய்ய வேண்டும், அதுவும் முடியாவிட்டால் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பு சொன்ன காரணம் எளிமையானது. ஒப்பந்தம் இரு தரப்பைத்தான் கட்டுப்படுத்தும். மூன்றாவதாக வரும் அரசு அதில் கையெழுத்திட்டிருக்கவில்லை. அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702-ஆம் பிரிவின்படி ஒரு நிறுவனத்திடம் தரவு கேட்கப்பட்டால், ஒப்பந்தத்தைக் காட்டி மறுக்க முடியாது. 2023 மே மாதம் மெட்டாவுக்கு அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த 120 கோடி யூரோ அபராதத்தின் சாரம் இதுதான். மெட்டா ஒப்பந்தம் இல்லாமல் தரவை அனுப்பவில்லை. 2021-இல் வந்த புதிய ஒப்பந்தப் பிரிவுகளும், அவற்றோடு கூடுதல் ஏற்பாடுகளும் அதனிடம் இருந்தன. ஆனால் முகநூல் பயனர்களின் விவரம் அமெரிக்க நிறுவனத்தின் கையில் படிக்கத்தக்க நிலையில் இருக்கும்வரை, நீதிமன்றம் சுட்டிக்காட்டிய ஆபத்து அந்த ஏற்பாடுகளால் தீரவில்லை என்று ஆணையம் முடிவு செய்தது.

அப்படியானால் ஒப்பந்தம் வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. 2024 ஆகஸ்டில் நெதர்லாந்து ஆணையம் உபர் நிறுவனத்துக்கு 29 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிரான்சில் 170-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. ஓட்டுநர்களின் இருப்பிட விவரம், புகைப்படம், அடையாள ஆவணங்கள், சிலரின் குற்றப் பின்னணி, மருத்துவ விவரம் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவுக்குப் போயிருந்தன. அந்தக் காலம் முழுவதும் சட்டம் அங்கீகரித்த எந்த ஏற்பாடும் இல்லை என்பது குற்றச்சாட்டு. உபர் அதை ஏற்கவில்லை. இருந்தாலும், ஒப்பந்தம் இல்லாதபோது என்ன இல்லாமல் போகிறது என்பதை அந்த வழக்கு காட்டுகிறது. 2021 ஜூன் 4 அன்று வெளியான ஒப்பந்தப் பிரிவுகள், தரவுக்குரிய நபருக்கே பல உரிமைகளைத் தருகின்றன. கையெழுத்திடாதவராக இருந்தாலும் அவர் அவற்றைக் காட்டி ஐரோப்பிய ஒன்றிய நாட்டு நீதிமன்றத்தில் வழக்காட முடியும். அரசு தரவு கேட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும், கோரிக்கை சட்டப்படி சரியா என்று ஆராய வேண்டும், சரியில்லை என்றால் எதிர்க்க வேண்டும், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மிகக் குறைவானதையே கொடுக்க வேண்டும் என்று 15-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. எனவே ஒப்பந்தம் வேண்டும். அதன் இணைப்புகளை நிரப்பும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். எந்தத் தரவு, எத்தனை நாள், எந்தத் தொழில்நுட்பப் பாதுகாப்பு, எந்தத் துணை ஒப்பந்தக்காரர்கள் என்று கேட்கும் இடங்களில் 'தகுந்த பாதுகாப்பு நடவடிக்கைகள் எடுக்கப்படும்' என்று எழுதினால், அந்த ஒப்பந்தம் எதையும் உறுதியளிக்கவில்லை என்று பொருள். உண்மையில் செய்திருப்பதை அங்கே எழுத வேண்டும். அப்படி எழுத வேண்டுமானால் அதற்கு முன்பே வேலை நடந்திருக்க வேண்டும்.

அந்த வேலை ஒரு வரைபடத்தில் தொடங்குகிறது. நிறுவனத்தில் தனிநபர் விவரம் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் எடுத்துக்கொண்டு, அது எங்கே சேமிக்கப்படுகிறது, எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கும் யார் அதில் லாகின் செய்யலாம், குறியாக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். முதல் கேள்விக்கு ஐ.டி. பிரிவு உடனே பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியில்தான் எதிர்பாராத பதில்கள் வரும். வாடிக்கையாளர் புகார்களைப் பதியும் மென்பொருள், சம்பளக் கணக்கு மென்பொருள், செயலிக்குள் பொருத்தப்பட்ட விளம்பர அளவீட்டு நிரல், இரவு நேரத்தில் வேறொரு நாட்டிலிருந்து பழுது பார்க்கும் குழு, ஊழியர்கள் தாங்களாகவே பயன்படுத்தத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு உரையாடல் சேவை என எல்லாமே எல்லை தாண்டும் வழிகள். வாடிக்கையாளரின் மின்னஞ்சலை அப்படியே ஒட்டி 'இதற்குப் பதில் எழுதிக் கொடு' என்று கேட்பதும், அந்தச் சேவையின் சர்வர் வெளிநாட்டில் இருந்தால், தரவு ஏற்றுமதிதான். துணை ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரர் வரை இந்தக் கேள்விகளைக் கொண்டுபோக வேண்டும். விற்பனையாளர் பட்டியல் கேட்டும் கிடைக்கவில்லை என்றால், அதையே வாங்காமல் இருப்பதற்குப் போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

தரவு நகராமலேயே எல்லை தாண்டும் என்பதை டிக்டாக் வழக்கு போலத் தெளிவாகக் காட்டியது வேறில்லை. 2025 மே மாதம் அயர்லாந்து ஆணையம் அதற்கு 53 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பியப் பயனர்களின் விவரம் சீனாவில் சேமிக்கப்படுவதில்லை என்று நிறுவனம் விசாரணையில் சொல்லிவந்தது. ஆனால் சீனாவில் இருந்த ஊழியர்கள் தொலைவிலிருந்தே அதைத் திறந்து பார்க்க முடிந்தது. அதையே ஆணையம் தரவு அனுப்பியதாகக் கொண்டது. பிறகு, 2025 ஏப்ரலில், கொஞ்சம் தரவு சீன சர்வர்களில் சேமிக்கப்பட்டிருந்ததைப் பிப்ரவரியில் கண்டுபிடித்ததாக நிறுவனமே தெரிவித்தது. அவ்வளவு வளமுள்ள நிறுவனத்துக்கே தன் தரவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும் என்றால், வரைபடத்தை ஒருமுறை வரைந்து அலமாரியில் வைப்பது போதாது. லாகின் பதிவுகளை அவ்வப்போது எடுத்து, வரைபடத்தில் இல்லாத நாட்டிலிருந்து யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும். இத்தனை சிக்கல் எதற்கு, தரவை உள்நாட்டிலேயே வைத்துவிட்டால் போதாதா? இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று அப்படித்தான் உத்தரவிட்டது: பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும். வெளிநாட்டில் கணக்கிட அனுமதி உண்டு, ஆனால் வேலை முடிந்ததும் ஒரு வேலை நாளுக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குள் அங்கே அழித்து இங்கே கொண்டுவந்துவிட வேண்டும். இதைப் பின்பற்றவில்லை என்று 2021-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகியவற்றுக்குப் புதிய உள்நாட்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. உத்தரவில் ரிசர்வ் வங்கி சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: கண்காணிப்பு அதிகாரிகளுக்குத் தரவு தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது. அது நியாயமான தேவைதான். ஆனால் அட்டை வைத்திருப்பவரின் அந்தரங்கத்தைக் காப்பது வேறு நோக்கம். சர்வரின் இருப்பிடம் மட்டும் அதை நிறைவேற்றாது. மைக்ரோசாஃப்ட் வழக்கு இதற்குச் சான்று. டப்ளினில் சேமித்திருந்த ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தரும்படி 2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு வாரண்ட் பிறப்பிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் மறுத்து வழக்காடி, 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன்பே, 2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் கிளவுட் சட்டத்தை நிறைவேற்றியது. தரவு எந்த நாட்டில் இருந்தாலும், அது அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தால் உரிய ஆணையின் பேரில் கொடுத்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். வழக்கே பொருளற்றுப்போனது. கட்டடம் எங்கே இருக்கிறது என்பதைவிடக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. உள்நாட்டு சர்வரை இணையப் பாதுகாப்பு நிபுணர் இல்லாத ஒரு நிறுவனம் சொந்தமாக நடத்தினால், ஊடுருவல் ஆபத்து கூடவும் செய்யலாம்.

ஆகவே படிக்கும் திறனைக் குறுக்குவதற்கு வருவோம். அனுப்பாத தரவைவிடப் பாதுகாப்பான தரவு இல்லை. டாக்டோலிப் நோயைப் பற்றிக் கேட்காததும், மூன்று மாதத்தில் அழித்ததும் நீதிமன்றத்தில் சாவிக்கு இணையாக உதவின. ஒவ்வொரு புலத்தையும் எடுத்து, அந்தப் பக்கத்தில் இருப்பவர் தன் வேலையைச் செய்ய இது வேண்டுமா என்று கேளுங்கள். குறைபாட்டுப் புகாரைத் தீர்க்கும் பொறியாளருக்குப் பிறந்த தேதி வேண்டாம். காப்பீட்டுக் கோரிக்கையைச் சரிபார்ப்பவருக்கு முழு முகவரி வேண்டாம், மாவட்டம் போதும். அடுத்தது, பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை அனுப்புகிற நாட்டிலேயே வைத்துக்கொள்வது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2021 ஜூன் மாதப் பரிந்துரையில் இதைப் பயனுள்ள பாதுகாப்பாக ஏற்றிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: மீதியுள்ள விவரங்களை வெளியே கிடைக்கும் தகவலோடு சேர்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியக் கூடாது. பெயரை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் லடான்யா ஸ்வீனியின் ஆய்வை அறிந்திருக்க வேண்டும். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்று மட்டும் தெரிந்தால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று அவர் 2000-இல் கணக்கிட்டார். 2006-இல் பிலிப் கோல் செய்த மறுகணக்கு அதை 63 என்று குறைத்தது. அந்தக் குறைந்த எண்ணே, பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டை மட்டும் அனுப்பப் போதுமான காரணம்.

குறியாக்கத்தைப் பற்றிப் பேசும்போது 'எங்கள் தரவு குறியாக்கம் செய்யப்பட்டது' என்ற வாக்கியத்தை அப்படியே ஏற்காதீர்கள். ஏறக்குறைய எல்லாக் கிளவுட் சேவைகளும் குறியாக்கம் செய்கின்றன. சாவியையும் அவையே வைத்திருந்தால், அது வட்டைத் திருடுபவனிடமிருந்துதான் காக்கும். சேவை நிறுவனத்திடமிருந்தோ, அதைக் கட்டாயப்படுத்தும் அரசிடமிருந்தோ காக்காது. கூகுள் அனலிட்டிக்ஸ் பற்றி 2022 ஜனவரியில் வெளியான முடிவில் ஆஸ்திரியாவின் ஆணையம் இதையே சொன்னது: சாவி நிறுவனத்திடம் இருக்கிறது, சாவியையும் சேர்த்துக் கேட்க அரசால் முடியும், ஆகவே இந்தக் குறியாக்கம் இந்த ஆபத்துக்கு மருந்தல்ல. காப்புப் பிரதி போன்றவற்றுக்குத் தீர்வு எளிது. அனுப்பும் முன்பே குறியாக்கம் செய்து, சாவியை உங்கள் நாட்டில், உங்கள் கையில் அல்லது நீங்கள் நம்பும் உள்நாட்டு நிறுவனத்தின் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேவை நிறுவனம் படிக்க முடியாத பொட்டலத்தை மட்டும் சுமக்கும். சாவிக்கும் தனியே காப்புப் பிரதி வேண்டும்; அதைத் தொலைத்தால் தரவும் தொலைந்துபோகும். யார் எப்போது சாவியை எடுத்தார்கள் என்ற பதிவும், ஒருவர் மட்டும் தனியே எடுக்க முடியாத ஏற்பாடும் சேர்ந்தால்தான் இது முழுமை பெறும்.

ஆனால் வேலை செய்ய வேண்டுமானால் தரவைத் திறந்துதானே ஆக வேண்டும்? சம்பளம் போடுகிறவர் சம்பளத்தைப் பார்க்காமல் எப்படிப் போடுவார்? இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. சேமிப்பில் பூட்டியிருக்கும் தரவு, கணக்கிடும் நேரத்தில் கணினியின் நினைவகத்தில் திறந்துதான் இருக்கும். ஐரோப்பிய வாரியமும் இதை நேர்மையாக ஒப்புக்கொண்டது. கிளவுட் நிறுவனம் தரவைத் திறந்த நிலையில் கையாண்டே ஆக வேண்டியபோதும், வேறு நாட்டிலுள்ள குழும நிறுவனம் தொழில் தேவைக்காகத் திறந்து பார்க்கும்போதும், அந்நாட்டு அரசின் அதிகாரம் வரம்பு மீறியதாக இருந்தால், போதுமான தொழில்நுட்பப் பாதுகாப்பு எதையும் தன்னால் கண்டறிய இயலவில்லை என்று பரிந்துரையில் எழுதியது. இதிலிருந்து கிடைக்கும் முடிவு, தொழில்நுட்பத்தைக் கைவிடுவது அல்ல. எந்தெந்த வேலைக்கு உண்மையிலேயே திறந்த தரவு வேண்டும் என்பதைப் பிரித்தெடுத்து, அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் பெறும் நாட்டின் சட்டத்தை உன்னிப்பாக ஆராய்வதுதான். ஆயிரம் புலங்களில் நாற்பது மட்டும் திறந்திருக்க வேண்டும் என்றால், சட்ட ஆய்வு அந்த நாற்பதைப் பற்றியது. அவற்றையும் கோப்பாக அனுப்பாமல், மூல நாட்டு சர்வரில் வைத்துத் திரையில் மட்டும் காட்டலாம். பதிவிறக்கம், நகலெடுப்பு, அச்சு எல்லாவற்றையும் அடைக்கலாம். ஒரு புகார் ஒதுக்கப்பட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் அனுமதி திறந்து, முடிந்ததும் மூடலாம். திரையில் காட்டுவதும் தரவு அனுப்புவதே என்பதால் சட்டக் கடமை இதனால் நீங்காது. ஆனால் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் வாய்ப்பு நீங்கும். நாட்டின் சட்டம் ஒத்துவரவே இல்லை என்றால், அந்த நாற்பது புலங்கள் தொடர்பான வேலையை உள்நாட்டிலேயே செய்வது மிச்சமுள்ள வழி.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து ஐரோப்பிய வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் நிறுவனங்களுக்கு இது நேரடி விஷயம். இந்தியாவுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் 'போதுமானது' சான்று கிடையாது. எனவே ஒப்பந்தப் பிரிவுகளும் நாட்டுச் சட்ட ஆய்வும் தவிர்க்க முடியாதவை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று இங்கே பலரும் நிம்மதி கொள்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்தால் நிம்மதி குறையும். வெளிநாட்டவருடன் செய்த ஒப்பந்தத்தின்படி வெளிநாட்டு மக்களின் தரவை இந்தியாவில் கையாளும்போது, சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்வது போன்ற சில மட்டுமே மிஞ்சும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டாலும் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. மறுபுறம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு உள்ளிட்ட காரணங்களுக்காகத் தரவை இடைமறிக்கவும் குறியாக்கத்தை நீக்கித் தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. ஒத்துழைக்க மறுத்தால் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை. ஐரோப்பிய வாடிக்கையாளரின் வழக்கறிஞர் இந்தப் பிரிவைப் பற்றிக் கேட்பார். 'எங்களை யாரும் கேட்டதில்லை' என்பதைவிட, 'சாவி எங்களிடம் இல்லை, முனிச்சில் உங்களிடமே இருக்கிறது. எங்கள் திரையில் தெரிவது இந்தப் புலங்கள் மட்டும்' என்ற பதில் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. இல்லாத சாவியைக் கேட்டு யாரும் உங்களை நெருக்க முடியாது.

இன்னோர் ஆட்சேபம் சிறு நிறுவனங்களிடமிருந்து வரும்: திருப்பூரில் துணி விற்கும் இணையக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலை எந்த உளவு அமைப்பு தேடப்போகிறது? சரிதான், ஐரோப்பிய வாரியமும் தன் பரிந்துரையின் 2021 இறுதி வடிவத்தில், சட்டப் புத்தகத்தோடு நிற்காமல், அந்தத் துறையில், அந்த வகைத் தரவுக்கு அந்தச் சட்டம் நடைமுறையில் பயன்படுத்தப்படுகிறதா என்று பார்க்க இடம் கொடுத்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் நம்பகமான வெளி ஆதாரங்களோடு எழுதிவைக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் நடந்ததில்லை என்ற ஒற்றை வரி போதாது. அதைவிட முக்கியமானது, அரசு மட்டுமே ஆபத்து அல்ல என்பது. அளவுக்கு மீறிய அனுமதி பெற்ற ஊழியர், வேலையை விட்டுப் போன பிறகும் மூடப்படாத லாகின், சோதனைக்காக எடுத்து மறந்துபோன தரவுப் பிரதி ஆகியவை சிறு நிறுவனத்துக்கும் நேரும். தரவைக் குறைப்பதும் சாவியைப் பிரிப்பதும் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்தே பாதுகாப்பு. செலவைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய விவரங்களை அழிக்கவும், வேண்டாத புலங்களை நீக்கவும் உரிமத் தொகை எதுவும் இல்லை.

இப்போது அமெரிக்காவுக்கு அனுப்ப மூன்றாவது ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. 2022 அக்டோபரில் அதிபர் பைடன் உளவு அமைப்புகளுக்கு வரம்பு வைத்து ஓர் ஆணை பிறப்பித்தார். புகார்களை விசாரிக்கத் தரவுப் பாதுகாப்பு மறுஆய்வு நீதிமன்றம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அதன் அடிப்படையில் 2023 ஜூலை 10 அன்று ஐரோப்பிய ஆணையம் புதிய சான்று தந்தது. பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர் பிலிப் லதோம்ப் தொடுத்த வழக்கை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2025 செப்டம்பர் 3 அன்று தள்ளுபடி செய்தது. அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். ஆகவே பிரச்சினை முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஏற்பாட்டின் பட்டியலில் பதிவு செய்துகொண்ட அமெரிக்க நிறுவனத்துக்கு இந்த வழியில் அனுப்புவது இன்று முற்றிலும் சட்டபூர்வமானது, பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் இதற்கு முன் இருந்த இரண்டில் ஒவ்வொன்றும் ஒரே நாளில் விழுந்தது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அவகாசமே தரவில்லை; 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நம்பியிருந்த வழி தீர்ப்பு வாசிக்கப்பட்ட கணத்தில் மூடியது. புதிய ஏற்பாட்டின் அடித்தளம் ஓர் அதிபரின் ஆணை. அடுத்த ஆணை அதை மாற்றலாம். உளவு அமைப்புகளை மேற்பார்வையிடும் அமெரிக்க வாரியத்தின் உறுப்பினர்கள் மூவர் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனவே இந்தச் சான்றை நம்பி அனுப்புகிறவரும் ஒப்பந்தத்தில் நிலையான பிரிவுகளைச் சேர்த்து, சான்று ரத்தானால் அவை அன்றே உயிர்பெறும் என்று எழுதிக்கொள்ளட்டும். தரவைத் திரும்பப் பெறும் வடிவம், அதற்கு ஆகும் நாட்கள், துணை ஒப்பந்தக்காரரிடம் உள்ள பிரதிகளை அழித்ததற்கான எழுத்துபூர்வச் சான்று ஆகியவற்றையும் அதே ஒப்பந்தத்தில் பேசி முடித்துவிட வேண்டும். உறவு கசந்த பிறகு பேசினால் கிடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை சிறிய அளவு தரவை உண்மையாகவே திரும்ப எடுத்துப் பாருங்கள். பெறும் நாட்டில் புதிய கண்காணிப்புச் சட்டம் வரும்போதும், சேவை நிறுவனம் கைமாறும்போதும், அது புதிய துணை ஒப்பந்தக்காரரைச் சேர்ப்பதாக மின்னஞ்சல் அனுப்பும்போதும் வரைபடத்தையும் சட்ட ஆய்வையும் மறுபடி திறக்க வேண்டும். அந்த மின்னஞ்சலுக்கு ஆட்சேபம் தெரிவிக்கும் காலக்கெடு ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அது யாருடைய பெட்டிக்கு வருகிறது, அவர் விடுப்பில் இருந்தால் யார் படிப்பார் என்பதை இந்த வாரமே விசாரித்து எழுதிவையுங்கள்.